ஆறாவது பூ

காளவாசலில் ஒரு டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். கீழே ரப்பர் கருகும் வாடை, மேலே ஏ.சி. அறையில் ஊதுபத்தி வாடை. எண்பதுகளின் கடைசியில் ஒன்றரை வருஷம் நான் அந்தப் படிக்கட்டில் மாணவனாக ஏறி இறங்கினேன். வாழ்நாளில் பார்த்த மடத்தனங்களில் பெரும்பகுதியை அங்கேதான் பார்த்தேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலாளிக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். முதலாளியும் அவரே, வாத்தியாரும் அவரே. எங்களுக்கு 'சார்'. அதற்கு இரண்டு வருஷம் முன்புவரை அதே மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். டைப் மெஷின்களை விற்று மூன்று கம்ப்யூட்டர் வாங்கினார். மெஷின்களை விற்றாரே தவிர பழக்கங்களை விற்கவில்லை. ஆளுக்கு அரை மணி நேரம். முடிந்ததும் மேஜை மணியைத் தட்டுவார். சாயங்காலம் ஆனால் மூன்றுக்கும் துணி உறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்தக் குளிரில் வெறுங்காலோடு உட்கார்ந்து, விரல் விறைத்து, நாலு வரி தட்டுவதற்குள் மணி அடித்துவிடும். ஆயுதபூஜைக்கு மூன்று திரைக்கும் கண்ணாடி நடுவில் சந்தனம் குங்குமம் வைத்தார். பொங்கல் வரைக்கும் அதை யாரும் துடைக்கக் கூடாது என்று உத்தரவு. பொட்டுக்கு இந்தப் பக்கம் பாதி எழுத்து, அந்தப் பக்கம் பாதி எழுத்து என்று கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தோம்.

எல்லாவற்றுக்கும் மேல் அவருடைய ரெக்கார்டு நோட்டு. புரோகிராமை முதலில் நோட்டில் எழுத வேண்டும். அவர் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழாத ஒரு வரியைக்கூட மெஷினில் அடிக்கக் கூடாது. அடித்துப் பார்த்தால் தப்பை மெஷினே சொல்லிவிடும் என்பது அவருக்குப் பிடிக்காத சங்கதி. தப்பு என்று சொல்லும் அதிகாரம் அந்த மாடியில் ஒரு ஆளுக்குத்தான் இருந்தது.

அந்தச் சிவப்பு மை அதிகமாகச் செலவானது ஒரே ஒரு விதிக்காக. 'மேல எழுது' என்பதுதான் அந்த விதி. கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் இது புரிந்துவிடும், பெரிய வித்தை எதுவும் இல்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பாஸ்கல் என்கிற மொழி. அதில் ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து எழுதலாம். பூ வரைவது ஒரு வேலை, சட்டம் வரைவது ஒரு வேலை. அப்படி ஒவ்வொன்றும் ஒரு புரொசீஜர். பூ வரையும் வேலையைக் கூப்பிடும்போது எந்த இடத்தில், என்ன அளவில், எத்தனை இதழ் என்று கையில் கொடுத்தனுப்ப வேண்டும். தையல்காரரிடம் துணியோடு அளவுச் சட்டையும் கொடுப்போமே, அந்த மாதிரி. அதற்குப் பெயர் பாராமீட்டர். வேலை நடக்கும்போது எண்ணிக்கை வைத்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டும். 'கே' என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வேரியபிள். கே என்பதைப் பூ வேலைக்கு உள்ளேயே எழுதினால் அது பூவுக்கு மட்டும் சொந்தம். வெளியே அதே பெயரில் இன்னொரு கே இருந்தாலும் ஒன்றை ஒன்று தொடாது. புரோகிராமின் உச்சியில் எழுதினால் ஒரே ஒரு கேதான், அது எல்லோருக்கும் பொது. ஒருத்தர் எண்ணிக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தர் வந்து எண்ணினால் முன்னவர் எண்ணிக்கை போச்சு.

சார் கற்றுக்கொண்டு வந்தது பேசிக். அவர் படித்த பேசிக்கில் எல்லாமே பொதுதான், உள்ளே வெளியே என்ற பேச்சே கிடையாது. அதை வைத்துக்கொண்டு பாஸ்கல் நடத்த உட்கார்ந்துவிட்டார். பாஸ்கல் புத்தகத்தில் முதல் நாற்பது பக்கத்துக்கு மேல் அவர் போனதில்லை என்பதற்கு அத்தாட்சி உண்டு, நாற்பதுக்குப் பிறகு பக்கங்களின் மேல் விளிம்பு பிரிபடாமலே ஒட்டிக்கொண்டிருந்தது. யாராவது புரொசீஜருக்கு உள்ளே கே என்று எழுதினால் அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு விழும். அங்கிருந்து நோட்டின் உச்சிவரைக்கும் ஒரு அம்புக்குறி.

"எல்லாம் மேல இருந்தா ஒரே பார்வையில தெரியும்ல? அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு ஒளிச்சு வச்சா யாரு தேடுறது?" என்பார்.

டைப்ரைட்டிங்கில் அட்டவணை அடிக்கும்போது தலைப்பை மேலே அடிப்பார்கள். அவருக்கு உலகமே அவ்வளவுதான்.

பேட்சில் பத்துப் பேர். எட்டுப் பேரைப் பற்றிச் சொல்வதற்கு எதுவும் இல்லை. கையெழுத்து வாங்கினார்கள், அடித்தார்கள், ஓடவில்லை என்றால் மின்சாரத்தைக் குறை சொன்னார்கள். நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தவன். சோழவந்தானிலிருந்து தினமும் பஸ். தை மாதத்துக்குள் சம்பளம் என்று ஒன்று வராவிட்டால் மாமாவின் ரைஸ் மில்லில் போய் உட்கார வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். மாமாவை எனக்குப் பிடிக்காது, மில்லை அதைவிடப் பிடிக்காது. ஒரு நாள் அங்கே நின்றால் மூன்று நாள் தும்முவேன். என்னிடம் ஒரு சொத்து இருந்தது. மெட்ராஸில் வேலை பார்த்த நண்பன் அனுப்பிய பாஸ்கல் மேனுவலின் ஜெராக்ஸ், நானூறு பக்கம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் படித்தேன். சாரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அதிலும் சிவப்புக் கோடு போட்டிருப்பார்.

மண்டையில் சரக்கு இருந்த இன்னொரு ஆள் ஒரு பெண். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் வீடு, சௌராஷ்டிரக் குடும்பம், அப்பாவுக்கு நூல் சாயம் விற்கும் கடை. பிசிக்ஸ் படித்தவள். எதையும் மனப்பாடம் செய்ய மாட்டாள். பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக, இப்போது கே எத்தனை, இப்போது எத்தனை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வருவாள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேலைன்னு ஒண்ணு கெடச்சா ஒரு வருஷம் தள்ளிப்போடுறோம்னு அப்பா சொல்லிருக்காரு" என்று ஒரு முறை சொன்னாள். அந்த ஒரு வருஷத்தை அவள் ஏதோ பெரிய சொத்து மாதிரிச் சொன்னாள். எனக்கு மாமாவின் மில் எப்படியோ, அவளுக்கு அந்த மாப்பிள்ளைப் பேச்சு அப்படி.

உள்ளே, வெளியே என்கிற விஷயத்தை அவளுக்குச் சொன்னவனே நான்தான். மேனுவலில் படித்த அன்றைக்கே சொன்னேன். கருணையால் இல்லை, பீற்றிக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. மற்ற எட்டுப் பேரிடம் பீற்றினால் புரியவே புரியாது. பஸ் ஸ்டாப்பில் நின்று பத்து நிமிஷம் விளக்கினேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எங்க வீட்டுல ஒரு பாஷை பேசுறோம்ல, அது மாதிரியாண்ணே? வீட்டுக்குள்ள அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா அது வீட்டோட சரி. வாசல் தாண்டிட்டா கடைக்காரருக்கு அது தெரியாது, அவரு வார்த்தை வேற. ரெண்டும் முட்டிக்காது."

நானூறு பக்கத்தில் ஒரு பக்கம்கூட அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றேன். கிட்டத்தட்ட இல்லை, அப்படியேதான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் கிரில் பட்டறைக்காரர் ஒருவர் மாடி ஏறி வந்தார். காளவாசலிலேயே பட்டறை. வெல்டிங் பொறி பட்டு வேஷ்டி முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை. வீடு கட்டுகிறவர்கள் ஜன்னல் கிரில்லுக்கு டிசைன் கேட்பார்கள். அவர் ஆல்பத்தைக் காட்டுவார். 'இதே பூ, ஆனா எங்க ஜன்னல் இன்னும் அகலம்' என்பார்கள். உடனே பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைந்து காட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடியும். முழங்கால் போய்விட்டது என்றார். கம்ப்யூட்டர் படம் போடுமாமே, உண்மையா என்று கேட்க வந்திருந்தார்.

சார் அவரை உட்காரவைத்து, கம்ப்யூட்டர் எப்படி நிலாவுக்கு ராக்கெட் விடுகிறது என்று கால் மணி நேரம் விளக்கினார். பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் விஷயத்துக்கு வந்தார்.

"பூ ஒண்ணுதாண்ணே. அது மாறாது. எத்தனை இதழு, எத்தனை பூ, எம்புட்டு அகலம், எம்புட்டு உசரம். இம்புட்டுதான் நான் சொல்வேன். சொன்னா படம் வரணும். வருமா?"

அந்த அறையில் அதுவரை பாராமீட்டர் என்பதைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். பிற்காலத்தில் ஆப்ஜெக்ட் என்று ஒரு பெயர் வந்தது. பூ என்றால் அது ஒரு தனிப் பொருள், தன் அளவையும் தன் எண்ணிக்கையையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், வெளியாள் கை வைக்க முடியாது என்று டை கட்டியவர்கள் வந்து மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்த ஓட்டை வேஷ்டியை நினைத்துக்கொண்டேன்.

பட்டறைக்காரர் போனதும் சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவரால் அதை எழுத முடியாது என்பது அவருக்கே தெரியும் என்று நினைக்கிறேன். அதைப் பெருந்தன்மையாக மாற்றிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுங்க. வர்ற வெள்ளிக்கிழமை அவரு வருவாரு. யாரு புரோகிராம் ஓடுதோ, தையில இருந்து அவங்க இங்க இன்ஸ்ட்ரக்டர். நானும் ஒரு ஆளு போடணும்னுதான் இருக்கேன்."

சம்பளம் பெரிதில்லை. ஆனால் சம்பளம். படி இறங்கும்போது அவள் முகம் சிவந்திருந்தது, நானும் மாமாவின் மில்லை மனதுக்குள் இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்றரை வருஷத்தில் நான் ஒரு தந்திரம் பழகியிருந்தேன். நோட்டில் சாருக்குப் பிடித்த மாதிரி எல்லாவற்றையும் மேலே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். மெஷினில் உட்கார்ந்ததும் சரியான மாதிரி உள்ளே அடிப்பேன். சார் திரையைப் பார்த்ததே இல்லை. தான் கையெழுத்துப் போட்டது ஓடாமல் எங்கே போகும் என்று நம்பினார். ஓடும்போது அந்தப் பெருமையையும் அவரே எடுத்துக்கொள்வார். அவரை இத்தனை சுலபமாக ஏமாற்ற முடிகிறதே என்று எனக்கு அவர்மேல் இன்னும் இளக்காரம் ஏறியது. கிரில் புரோகிராமையும் அப்படியே செய்தேன்.

அவளுக்கு அது வராது. கையெழுத்துக்கு மரியாதை கொடுத்து வளர்ந்த பெண். நோட்டில் இருப்பதுதான் மெஷினில் இருக்கும். அவள் எழுதியிருந்ததை நான் எட்டிப் பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இடம், அளவு, இதழ் எண்ணிக்கை எல்லாம் பாராமீட்டராகப் போனது. பூவுக்குள் இதழ்களை எண்ண ஒரு கே, பூவுக்கு உள்ளேயே எழுதியிருந்தாள். வெளியே பூக்களை எண்ண இன்னொரு கே. வீட்டு வார்த்தை வீட்டில், தெரு வார்த்தை தெருவில்.

சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். உள்ளே இருந்த கே மேல் கோடு விழுந்தது.

"சார், உள்ள இருக்கிற கே வேற, வெளிய இருக்கிற கே வேற" என்றாள் அவள்.

"ஒரே பேருல ரெண்டு ஆளா? மெஷினு கொழம்பாதா?"

"அது பிரிச்சுப் பாத்துக்கும் சார்."

"பிரிச்சுப் பாக்குறதுக்கு அதென்ன உங்க அத்தையா?" என்றார் சார்.

பேட்ச் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் சிரிக்கவில்லை என்று சார் என்னைப் பார்ப்பார் என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உச்சியில் ஏற்கனவே ஒரு கே இருந்ததால் சார் உள்ளே இருந்ததை அடித்ததோடு விட்டுவிட்டார், கையெழுத்தும் போட்டார். இப்போது அவளுடைய புரோகிராமில் ஒரே ஒரு கே. பூக்களையும் அதுவே எண்ண வேண்டும், இதழ்களையும் அதுவே எண்ண வேண்டும். அது ஓடாது என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

சாயங்காலம் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். கையில் நோட்டு, சிவப்புக் கோட்டின்மேல் விரல்.

"அண்ணே, நீங்கதான சொன்னீங்க, உள்ள இருந்தா தனின்னு. இப்ப சார் எடுத்துட்டாரு. இது ஓடுமா?"

அவளுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது மட்டுமல்ல, அப்போதும் தெரியும். நோட்டை மாற்றாதே, மெஷினில் மட்டும் உள்ளே அடித்துக்கொள். ஒரு வரி. அதைச் சொன்னால் வெள்ளிக்கிழமை அவளுடையதும் ஓடும், என்னுடையதைவிட அழகாக ஓடும். கீழே டயர்க்கடையில் கம்ப்ரெஸர் போட்ட சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். அந்த அரை நிமிஷத்தில் யோசித்து முடித்துவிட்டேன்.

"நான் படிச்சது வேற வெர்ஷன். இங்க இருக்கிற வெர்ஷன்ல மேல இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. சார் சொல்றது சரியாத்தான் இருக்கும்."

வெர்ஷன் என்கிற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவள் தலையாட்டினாள். "சரிண்ணே, வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சாரை மடையர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், வாழ்க்கையில் முதல் தடவையாக 'சார் சொல்றது சரி' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை அவளுக்கு அரை மணி நேரம் கிடைத்தது. அடித்து முடித்து, ஃபிளாப்பியில் பதிந்துவிட்டு, முதலில் ஒரே ஒரு பூவைப் போட்டுப் பார்த்தாள். சுத்தமாக வந்தது. ஒற்றைப் பூவுக்கு அந்தத் தப்பு வெளியே தெரியாது. வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம் என்று கை வைக்கும்போது கரண்ட் போனது. வந்தபோது சார் மணியைத் தட்டிவிட்டார். நான் அடுத்த மெஷினில்தான் இருந்தேன். என்னுடைய நேரத்தில் இன்னும் பதினைந்து நிமிஷம் மீதி இருந்தது. அதையும் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சார் திரையில் இருந்த பழைய பொட்டுக்கு மேல் புதுப் பொட்டு வைத்தார். பட்டறைக்காரர் சலவை வேஷ்டியில் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்னம்மா, நம்மகிட்ட ரொம்பப் போறது நாலு இதழு. ஒரு வரிசைக்கு ஆறு பூ. போடு பாப்போம்."

நாலு, ஆறு என்று அடித்தாள். இடது ஓரத்தில் முதல் பூ பச்சையாக விரிந்தது. பட்டறைக்காரர் "ஆகா" என்றார். அடுத்தது வலது கோடியில் ஒரு பூ. அதோடு நின்றுவிட்டது. நடுவில் நாலு பூவுக்கான இடம் வெறிச்சென்று கிடந்தது.

எல்லோரும் காத்திருந்தோம். சார் திரையின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எம்புட்டு நேரம்மா ஆகும்? நடுவுல ஒண்ணையும் காணோமே. இப்படி மாட்டுனா பூனை உள்ள வந்துரும்ல" என்றார் பட்டறைக்காரர். கேலியாக இல்லை, தொழில் தெரிந்தவராகச் சொன்னார்.

மெஷின் நிற்கவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆறாவது இடத்தில் அதே பூவை, வரைந்த கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி வரைந்துகொண்டிருந்தது. விட்டால் மறுநாள் காலைவரை வரைந்துகொண்டே இருக்கும்.

"ஹேங் ஆயிருச்சு" என்றார் சார். பட்டறைக்காரர் பக்கம் திரும்பி, "பொம்பளப் பிள்ளைக அவசரத்துல எதையாவது விட்ருவாங்கண்ணே. மன்னிச்சுக்கங்க" என்றார். தான் அடித்த கோடு தன் எதிரே திரையில் விரிந்து கிடக்கிறது, அது என்னவென்று அந்த மனுஷனுக்குப் புரியவில்லை. அப்படி ஒரு அறியாமையை நான் அதற்குப் பிறகும் எங்கேயும் பார்த்ததில்லை. அவள் எழுந்து இடம் விட்டாள்.

நான் உட்கார்ந்தேன். நாலு இதழ், ஆறு பூ. ஆறும் வரிசையாக வந்தன. எட்டு இதழ் கேட்டார், வந்தது. அகலத்தை மாற்றச் சொன்னார், மாற்றினேன். பட்டறைக்காரர் என் தோளில் தட்டி, "மாப்ள, என் முழங்காலக் காப்பாத்திட்டப்பா" என்றார். சார் என் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் மொறையா மேல எழுதியிருக்கான் பாருங்க" என்று அவரிடம் சொன்னார். நான் பணிவாக நின்றேன்.

கீழே இறங்கியபோது அவள் டயர்க்கடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நோட்டு திறந்திருந்தது, பென்சிலால் ஓரத்தில் எண்கள் எழுதியிருந்தாள். அழுவாள் என்று நினைத்திருந்தேன், அதற்கு என்ன சொல்வது என்று படிக்கட்டிலேயே தயார் செய்துகொண்டும் வந்தேன். அவள் அழவில்லை.

"நாலு இதழு எண்ணி முடிச்சு, நாலைத் தாண்டி வெளிய வரும்போது கே அஞ்சு" என்றாள். "வெளிய ஒண்ணு கூட்டுது, ஆறு. ஆறாவது எடத்துல பூ. மறுபடி நாலு இதழு, மறுபடி அஞ்சு, மறுபடி ஆறு. அங்கனயே நிக்குது. ரெண்டுக்கும் ஒரே கே, அதான்."

"ஓ" என்றேன்.

"உங்க நோட்டக் குடுங்கண்ணே."

கொடுக்காமல் இருக்க வழியில்லை. வாங்கி, கிரில் புரோகிராம் இருந்த பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். சாரின் கையெழுத்துவரை படித்தாள். எல்லாம் மேலே, ஒரே ஒரு கே.

"இதுல இருக்கிறது ஓடாதே" என்றாள்.

நான் சாலையைப் பார்த்தேன். ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது, அதை மிகுந்த அக்கறையோடு பார்த்தேன். அவள் நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். வழக்கமாகச் சொல்லும் 'வாரேன்' சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை. மாசியில் கல்யாணம், பரமக்குடிக்குப் போய்விட்டாள் என்று எட்டுப் பேரில் ஒருவன் சொன்னான்.

தை முதல் வாரம் நான் சாருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தேன். சார் எனக்கு ஒரு சிவப்புப் பேனா கொடுத்தார். அப்பா மாமாவுக்குக் கடிதம் போட்டார். வேலையில் சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே ஒரு நோட்டில் உள்ளே எழுதிய வேரியபிள் வந்தது. சார் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சரி என்று விட்டால், பிறகு உன்னுடையது எப்படி ஓடியது என்ற கேள்வி எப்போதாவது வரும். கோடு போட்டேன். கை கூசியது. அடுத்த நாள் கொஞ்சம் குறைவாகக் கூசியது. ஒரு மாதத்தில் நானும் அம்புக்குறி போட ஆரம்பித்தேன், சாருடையதைவிட நேராக.

ஆனி மாத பேட்சில் ஒரு பெண் சேர்ந்தாள், கல்லூரி முதல் வருஷம். மூன்றாவது வாரம் சதுரங்கள் வரையும் புரோகிராம் கொண்டுவந்து நீட்டினாள். புரொசீஜருக்குள் கே. ஓரத்தில் பென்சிலால் எண்கள். அந்தப் பென்சில் பழக்கத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கோடு போட்டேன், அம்புக்குறி போட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு மெஷினுக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அவள் பின்னால் போய் நின்றேன். நோட்டு மடியில் திறந்திருந்தது, என் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. திரையில் கே உள்ளேதான் இருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"எங்கக்கா சார். இங்கதான் படிச்சுச்சு. இப்ப பரமக்குடியில இருக்கு."

"அக்கா வேற என்ன சொன்னாங்க?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொன்ன மாதிரித் தெரியவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் இருந்தது.

"நோட்டுல அவங்க என்ன அடிச்சாலும் அடிக்க விட்ரு, மெஷின்ல சரியாப் போட்டுக்கன்னு சொல்லுச்சு சார். இங்க வேலைக்கு இருக்கிற சாரு அப்படித்தான் போடுவாரு, அவருகிட்ட இருந்துதான் நான் கத்துக்கிட்டேன்னு சொல்லுச்சு."

பட்டனைத் தட்டினாள். சதுரங்கள் ஒன்று விடாமல் வரிசையாக வந்தன. நான் என் மேஜைக்குத் திரும்பினேன். அடுத்த நோட்டில் ஒரு பையன், சார் சொன்னபடி, எல்லாவற்றையும் மேலேயே எழுதியிருந்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.